அரை கிராம்

பைசாண்டு நகரில் ஜூலை.
உருகுவே ஆற்றிலிருந்து ஏறிவந்த குளிர்
கண்ணாடிக் கதவில் வெள்ளையாக ஒட்டிக்கிடக்கிறது.
அனிசேத்தோ தெர்மாஸைக் கக்கத்தில் இடுக்கியபடியே
நாற்காலியில் சாய்கிறார்.

இடது மேல்தாடை. கடைவாய்ப் பற்கள் இரண்டும்
போய் ஒன்பது வருஷம்.
வேலை இல்லாத எலும்பு தானே கரைந்துகொண்டது.
மிச்சம் நாலே மில்லிமீட்டர்.
திருகு நிற்க அது போதாது.
மேலே சைனஸ், வெறும் காற்று.

நிரப்ப வேண்டும் என்றேன். எதால் என்று
நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முதலாவது, உங்களுடையதே.
கீழ்த்தாடையின் மூலையில் சுரண்டி எடுக்கலாம்.
உயிருள்ளது, சீக்கிரம் கூடும்.
ஆனால் ஒரு காயத்துக்கு இரண்டு காயம்.
"என்னிடம் எடுத்து என்னிடமே கொடுப்பதா,"
என்று சிரித்தார். "அது ஓய்வூதியத் துறை செய்வது."

அடுத்த குப்பி, இறந்தவர் ஒருவர் கொடுத்தது.
"யார்?"
தெரியாது. எண் மட்டும் இருக்கும்.
அவர் குப்பியைத் திருப்பி அந்த எண்ணை
கடைசி இலக்கம் வரை முணுமுணுத்து வாசித்தார்.
திரும்ப வைக்கும்போது
மேசையில் சத்தம் வரவில்லை.

இது ஆலையில் செய்தது.
"சுண்ணாம்பா?"
கிட்டத்தட்ட.
"சுவருக்குப் பூசுங்கள்."

இது மாடு, என்றேன்.
குரல் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும்.
முப்பத்தொரு வருஷம் அவர்
ஆற்றோர இறைச்சி ஆலையில் எலும்பு நீக்கியவர்.
கத்திப்பிடிக்கு வளைந்த வலது கட்டைவிரல்
இன்னும் நிமிரவில்லை.

"எந்த எலும்பு?"

வலிக்குமா என்று கேட்பார்கள், விலை கேட்பார்கள்,
பைத்தியநோய் வருமா என்றுகூட ஒருத்தி கேட்டாள்.
பதினெட்டு வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை.
நான் கையேட்டைப் புரட்டத் தொடங்கினேன்.
அவர் காத்திருக்கவில்லை.
குப்பியை விளக்குக்கு நேரே பிடித்து
வெள்ளைக் குருணையை ஒரு சுற்று உருட்டினார்.
"தொடையெலும்பின் முனை.
உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் இடம்.
நாய் அங்கேதான் முதலில் பல் வைக்கும்."

பதினோராம் பக்கத்தில் அதுவே இருந்தது,
லத்தீனில்.

எத்தனை நாளில் கரையும் என்றார்.
மெதுவாக. சில துகள் கரையவே கரையாது,
பத்து வருஷம் கழித்தும் படத்தில் பார்த்திருக்கிறேன்,
உங்கள் எலும்பு சுற்றி வளர்ந்துகொள்ளும்.
"வாடகைக்கு இல்லை, குடியேற்றம்."
ஆமாம்.
மேலே மூட ஒரு சவ்வு வைப்பேன். அது பன்றி.
"பண்ணை முழுக்க வருகிறதே!"

பிறகு சிரிப்பில்லை. விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"லட்சத்துக்கு மேல் இருக்கும் டாக்டர், நான் பிரித்தது.
ஒன்றாவது என் பக்கம் நிற்கட்டும்."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.
இன்னொன்று, என்றேன். இரண்டு வாரம் மாத்தே கூடாது.
குழலில் உறிஞ்சினால் சவ்வு கிழியும், துகள் நகரும்.

மனிதர் எழுந்தே நின்றுவிட்டார்.
"மாட்டை வையுங்கள், செத்தவரை வையுங்கள்,
என் இடுப்பை வெட்டி வையுங்கள். இரண்டு வாரமா?"
வடிகட்டிக் கோப்பையில் குடிக்கலாம்.
"அது மாத்தே இல்லை, பிள்ளைபெற்றவள் கஷாயம்."
பத்து நாள் என்றார். பதினான்கு என்றேன்.
பன்னிரண்டு என்றார், சந்தையில் கன்றுக்குப் பேசுவது போல.
பதினான்கு.

ஒப்புதல் படிவத்தில் 'பொருள்' என்ற கோட்டில்
நிறுவனத்தின் பெயரை நான் எழுதுவதற்குள்
பேனாவை வாங்கி, சரக்குச்சீட்டில் எழுதிப் பழகிய
பெருத்த எழுத்தில் எழுதினார்:
மாடு. தொடை முனை.
நிகர எடை அரை கிராம்.

அறுவை வியாழக்கிழமை. இன்று செவ்வாய்.
கதவுக்கு வெளியே, அந்தக் குளிரில்,
தெர்மாஸைச் சாய்த்து ஊற்றி
கண்ணை மூடி ஒரே இழுப்பாக
உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்.
வலது பக்கம்தான்.